விடுபட்ட ஏழு ஆண்டுகள்

அம்பாங் நிலையத்தில் எல்ஆர்டி ஏறி மஸ்ஜித் ஜாமேக்கில் இறங்கினால் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் பாடாங். சான் சோவ் லினில் இறங்கி ஸ்ரீ பெட்டாலிங் தடத்துக்கு மாறினால் முன்பு கிரிக்கெட் திடல் இருந்த கின்ராரா. தொடரின் இந்தப் பகுதிக்குத் தேவையான இரண்டு திடல்களும் இப்படி ஒரே பயண அட்டைக்குள் அடங்கிவிடுகின்றன. முதல் திடலுக்கு உரியவர் லால் சிங். 1909-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். 1932 ஜூனில் இந்திய ஆண்கள் அணி லார்ட்ஸ் மைதானத்தில் தன் முதல் டெஸ்ட்டை ஆடியபோது அந்தப் பதினொருவரில் ஒருவர். அவர் ஆடியது அந்த ஒரே டெஸ்ட். எடுத்தது 15-உம் 29-உம், ஆக 44 ஓட்டங்கள். ஆனால் கிரிக்கெட் தெரிந்த எவரும் அவரை 44 ஓட்டக்காரர் என்று நினைவில் வைத்திருக்கவில்லை. முதல் நாள் காலையில் பிராங்க் வூலியை ரன் அவுட்டாக்கி, இங்கிலாந்தை 19 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட் என்று திணறவிட்ட கைக்காகத்தான் அவர் பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் ஊர் திரும்பி பாடாங்கின் ஆடுகளத்தைப் பராமரித்தவரும் அவரே. ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவரை அளக்க ஸ்கோர் புத்தகம் போதாது என்று இந்த நகரத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதே பெருந்தன்மையை ஆரம்பகாலப் பெண் ஆட்டக்காரர்களுக்கு நாம் காட்டினோமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி. அதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வது இந்தியப் பெண்கள் அணியின் கேப்டனாக இருந்த சாந்தா ரங்கசாமியின் வாழ்க்கையை.

முதலில் அவருடைய எண்களை அப்படியே வைத்துவிடுகிறேன். 16 டெஸ்ட், 750 ஓட்டங்கள், சராசரி 32.60, அதிகபட்சம் 108. பந்துவீச்சில் 21 விக்கெட். ஒருநாள் ஆட்டங்கள் 19, அவற்றில் 287 ஓட்டங்கள், 12 விக்கெட். கேப்டனாக 12 டெஸ்ட்: ஒன்றில் வெற்றி, இரண்டில் தோல்வி, ஒன்பது சமன். இதை மட்டும் பார்க்கும் இன்றைய வாசகர் 'பரவாயில்லை, சுமாரான ஆட்டக்காரர்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அவர் மேல் தவறில்லை. பதிவேடு அவரிடம் அப்படித்தான் பேசுகிறது. ஆனால் அந்தப் பதிவேட்டில் எழுதியிருப்பது யாருடைய கணக்கு? ஆட்டக்காரரின் திறமைக் கணக்கைவிட, அவருக்கு எப்போது ஆட்டம் அமைத்துக் கொடுக்கப்பட்டது, எப்போது கொடுக்கப்படவில்லை என்ற நிர்வாகத்தின் கணக்குதான் அதில் பெரும்பகுதி என்பது என் வாதம். ஆரம்பகாலப் பெண்கள் கிரிக்கெட்டின் எந்த எண்ணைப் படித்தாலும் அதன் பக்கத்தில் நாட்காட்டியையும் விரித்து வைத்தாக வேண்டும்.

சாந்தா ரங்கசாமி 1954 ஜனவரி 1-ஆம் தேதி மதராஸில் பிறந்தவர், பெங்களூரில் வளர்ந்தவர், கர்நாடகத்துக்கு ஆடியவர். அவர் பதின்வயதைக் கடக்கும்வரை இந்தியாவில் பெண்கள் கிரிக்கெட்டுக்கு என்று ஓர் அமைப்பே இல்லை. 1973-இல்தான் லக்னோவில் மகேந்திர குமார் சர்மா என்பவரின் முயற்சியால் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் பதிவானது. அதே ஆண்டு புனேயில் நடந்த முதல் தேசியப் போட்டிக்கு வந்தவை மூன்றே அணிகள்: பம்பாய், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம். அடுத்து வாராணசியில் எட்டு, அதற்கும் அடுத்து கல்கத்தாவில் பதினான்கு. இந்த வேகத்தைக் கவனிக்க வேண்டும். சங்கம் ஆட்டக்காரர்களை உருவாக்கிவிடவில்லை. கொல்லையிலும் தெருவிலும் கல்லூரித் திடலிலும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பெயர் கொடுக்க ஒரு பட்டியல் கிடைத்தது, அவ்வளவுதான். உலகம் இதற்குள் வெகுதூரம் போயிருந்தது. சென்ற பகுதியில் பார்த்த, பெண்களின் முதல் டெஸ்ட்டான பிரிஸ்பேன் ஆட்டம் 1934 டிசம்பரில் நடந்தது. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1973-இல் இங்கிலாந்தில் நடந்தது, ஆண்களுக்கு அப்படியொன்று வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே. ஜமைக்காவும் டிரினிடாடும்கூடத் தனித்தனி அணிகளாக வந்திருந்த அந்தப் போட்டியில் இந்தியா இல்லை.

1975-இல் ஆஸ்திரேலியாவின் 25 வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணி இந்தியாவுக்கு வந்து புனே, டில்லி, கல்கத்தா என்று மூன்று 'டெஸ்ட்' ஆடியது. மூன்றுக்கும் இந்தியாவின் கேப்டன்கள் வேறு வேறு: உஜ்வலா நிகம், சுதா ஷா, ஸ்ரீரூபா போஸ். அவை அதிகாரபூர்வ டெஸ்ட்டுகளாகக் கணக்கில் சேரவில்லை. அதிகாரபூர்வக் கணக்கு 1976 அக்டோபர் 31 அன்று பெங்களூரில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகத் தொடங்குகிறது. கேப்டன் சாந்தா ரங்கசாமி, வயது 22. ஆறு டெஸ்ட் கொண்ட அந்தத் தொடர் பெங்களூரிலிருந்து மதராஸ், டில்லி, பாட்னா, லக்னோ, ஜம்மு என்று நாட்டின் நீளத்தையே அளந்தது. நான்காவது டெஸ்ட்டில், பாட்னாவில், இந்தியா ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ஜம்முவில் மேற்கிந்தியத் தீவுகள் பதிலடி கொடுக்க, தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஆண்கள் அணி தன் முதல் டெஸ்ட் வெற்றிக்கு 1952 பிப்ரவரி வரை, அதாவது இருபது ஆண்டும் 25 டெஸ்ட்டும் காத்திருந்தது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆண்களை மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் எதிர்கொண்டது பெரும்பாலும் இங்கிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும். ஒப்பீடு அந்த அளவுக்கு நொண்டி. பெண்கள் அணி தட்டுத் தடுமாறி நடை பழகிய அணி இல்லை என்பதற்கு மட்டும் இது சான்று.

1976-ஆம் ஆண்டே சாந்தாவுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. பெண் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவருக்கு அது முதல் முறை. தொடர் முடிந்து ஆறேழு வாரத்துக்குள் அணி நியூசிலாந்தில் இருந்தது. 1977 ஜனவரியில் டனீடின் நகரில் நடந்த ஒரே டெஸ்ட்டில் சாந்தா 108 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்ட்டில் ஓர் இந்தியப் பெண்ணின் முதல் சதம் அது. ஆட்டம் சமனில் முடிந்தது. அங்கிருந்து பெர்த்; அங்கே ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. ஆக, மூன்று மாதத்துக்குள் எட்டு டெஸ்ட், ஒரு வெற்றி, ஒரு சதம், மூன்று நாடுகள் எதிரணி. கேப்டனுக்கு அப்போதுதான் 23 நிறைந்திருந்தது. இந்த இடத்தில் எந்தக் கிரிக்கெட் வாழ்க்கை வரலாறும் வேகம் பிடிக்கும். இந்த வரலாறு நின்றுவிடுகிறது. சாந்தா ஆடிய அடுத்த டெஸ்ட், இந்தியப் பெண்கள் ஆடிய அடுத்த டெஸ்ட், 1984 ஜனவரியில். இடையில் ஏழு ஆண்டு. 23 வயதில் பெர்த்தில் களத்தை விட்டு இறங்கியவர் மறுபடி டெஸ்ட் களத்தில் கால் வைத்தபோது 30 முடிந்திருந்தது. ஒரு மட்டையாளருக்குக் கண்ணும் காலும் மனமும் ஒன்றுசேர்ந்து வேலை செய்யும் பருவம் எது என்று கேட்டால் பயிற்சியாளர்கள் காட்டும் ஆண்டுகள் ஏறக்குறைய இவைதாம். இதே இடைவெளிக்குள் இந்திய ஆண்கள் அணி ஊர் ஊராக டெஸ்ட் ஆடி, 1983-இல் உலகக் கோப்பையையும் வென்று திரும்பிவிட்டது.

டெஸ்ட் இல்லாவிட்டால் ஒருநாள் ஆட்டம் இருந்திருக்குமே என்று தோன்றலாம். 1978 ஜனவரியில் இந்தியாவிலேயே இரண்டாவது உலகக் கோப்பை நடந்தது. அங்கே இந்தியா ஆடியது மூன்றே ஆட்டம், மூன்றிலும் தோல்வி. கேப்டன் டயானா எடுல்ஜி, அணியில் சாந்தா இல்லை. அவருடைய முதல் ஒருநாள் ஆட்டம் 1982 ஜனவரியில், நியூசிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில். அங்கே கேப்டனாகப் பன்னிரண்டு ஆட்டம் ஆடினார். எந்த வடிவமானாலும் சரி, டனீடின் சதத்தை அடித்தவருக்குச் சர்வதேசக் களம் ஐந்து ஆண்டு மூடியே கிடந்தது என்பதுதான் இதன் பொருள்.

ஏன் இப்படி ஆனது? சதிகாரர் ஒருவரைத் தேடினால் கிடைக்கமாட்டார், அதுதான் இந்தக் கதையின் சங்கடம். சங்கம் கௌரவப் பதவியாளர்களால் நடத்தப்பட்டது, கையில் பணம் இல்லை. ஆண்களின் வாரியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2006-இல்தான் வாரியம் பெண்கள் கிரிக்கெட்டைத் தன் குடைக்குள் எடுத்துக்கொண்டது. சர்வதேச அளவிலும் பெண்களுக்குத் தனிக் கவுன்சில். அது ஐசிசியோடு இணைந்தது 2005-இல். வெளிநாட்டு அணியை அழைக்கவும் பணம், போகவும் பணம். 1982 உலகக் கோப்பைக்குப் போக ஒவ்வோர் ஆட்டக்காரரும் பத்தாயிரம் ரூபாய் கட்டச் சொல்லப்பட்டதை டயானா எடுல்ஜி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். முன்பதிவில்லா ரயில் பெட்டியில் பயணம் செய்ததையும், படுக்கையைத் தாங்களே சுமந்துபோய்ப் பொதுக்கூடங்களின் தரையில் விரித்துப் படுத்ததையும் சாந்தா பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தச் செய்திகளைத் தியாகக் கதையாகச் சொல்லி உச்சுக்கொட்டிவிட்டுப் போவது நம் எழுத்தாளர்களுக்குப் பிடித்த வழக்கம். எனக்கு அதில் விருப்பமில்லை. இவை ஒரு கணக்கின் காரணிகள். தங்குமிடத்துக்கே காசில்லாத சங்கம் ஆறு டெஸ்ட் தொடர் ஒன்றை நடத்திவிட்டு அடுத்ததற்கு ஏழு ஆண்டு மூச்சு வாங்கியது. அந்த மூச்சிரைப்பின் விலை ஆட்டக்காரர்களின் சராசரியில் பற்றெழுதப்பட்டது. 1988-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகக் கோப்பைக்கும் இந்தியா போகவில்லை. 1986-க்கும் 1991-க்கும் இடையில் டெஸ்ட்டும் இல்லை. சாந்தாவின் டெஸ்ட் வாழ்க்கை 1991-இன் ஆஸ்திரேலியப் பயணத்தோடு முடிந்தது, 37 வயதில்.

இனி மறுப்புகள். வாய்ப்புக் கிடைத்திருந்தால் என்பது வரலாறு இல்லை, ஜோதிடம் என்பது முதல் மறுப்பு. அடிக்காத ஓட்டத்தை யாருக்கும் வரவு வைக்க முடியாது. இதே வறண்ட நாட்காட்டிக்குள் சந்தியா அகர்வால் 13 டெஸ்ட்டில் 1110 ஓட்டங்கள், 50-ஐத் தாண்டிய சராசரி என்று காட்டவில்லையா? 1986-இல் உஸ்டர் நகரில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் எடுத்த 190 அன்றைக்கு உலகச் சாதனை ஆயிற்றே? இது வலுவான மறுப்பு; சந்தியா மேலான மட்டையாளர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் தேதிகளைப் பாருங்கள். சந்தியா டெஸ்ட்டுக்கு வந்தது 1984-இல். 1984-இல் ஆஸ்திரேலியாவுடன் நான்கு, 1985-இல் நியூசிலாந்துடன் மூன்று, 1986-இல் இங்கிலாந்துடன் மூன்று என்று இரண்டரை ஆண்டுக்குள் இந்தியப் பெண்கள் பத்து டெஸ்ட் ஆடினார்கள். சந்தியாவின் 13 டெஸ்ட்டில் பெரும்பகுதி அந்தக் குறுகிய காலத்துக்குள் அடங்கும், அதுவும் அவருடைய இருபதுகளில். அவர் திறமையும் நாட்காட்டியும் ஒரே நேரத்தில் விளைந்தன. சாந்தாவுக்கு முதல் மூன்று மாதம் அப்படி அமைந்தது. அப்போதுதான் அந்தச் சதம் வந்தது. ஆக, எனக்கு எதிராக நிறுத்தப்படும் சாட்சியே என் பக்கம்தான் பேசுகிறது. அடிக்காத ஓட்டத்தை வரவு வைக்கச் சொல்லவில்லை. 32.60 என்ற எண், ஏழாண்டு ஓட்டையைத் தாண்டிய இரண்டு வெவ்வேறு வயதுக்காரர்களின் ஆட்டத்தைக் கூட்டி வகுத்துக் கிடைத்த எண் என்று அடிக்குறிப்பு எழுதச் சொல்கிறேன்.

இந்த அடிக்குறிப்பு ஆண்களுக்கு எழுதப்படுவது உண்டு. விஜய் மெர்ச்சன்ட் ஆடியது பத்தே டெஸ்ட். 1936-க்கும் 1946-க்கும் நடுவில் இந்தியா டெஸ்ட்டே ஆடவில்லை, பெரும்பகுதி போரின் காரணமாக. மெர்ச்சன்டைப் பற்றி எழுதும் எவரும் போர் அவருடைய நல்ல ஆண்டுகளைத் தின்றுவிட்டது என்று ஒரு வரி சேர்க்காமல் விடமாட்டார்கள். அதோடு, முதல்தர ஆட்டங்களில் அவர் வைத்திருந்த 71.64 என்ற சராசரியையும் எடுத்துக் காட்டுவார்கள். ஆண்களின் ஆரம்பகாலத்திலும் இடைவெளி இருந்ததே என்பது இரண்டாவது மறுப்பாக வரும். அதற்கான பதில் இங்கேயே இருக்கிறது. மெர்ச்சன்டின் டெஸ்ட் எண் குறைந்தால் உள்நாட்டு ரஞ்சிக் கோப்பையின் கணக்கு கைகொடுக்கும். டெஸ்ட் ஆடாத காலத்திலும் அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார், அதை யாரோ எழுதிக்கொண்டும் இருந்தார்கள். எழுபதுகளில் மாநிலத்துக்கு ஆடிய பெண்களுக்கு அந்த ஒதுங்கிடமும் இல்லை. சர்வதேச ஏடு மூடிக் கிடந்தால் அவர்கள் ஆடவேயில்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது. போர் என்ற காரணத்துக்குக் கிடைக்கும் மரியாதை பணமின்மை என்ற காரணத்துக்குக் கிடைப்பதில்லை. போருக்கு நினைவுச்சின்னம் உண்டு, காலியான கஜானாவுக்குக் கிடையாது.

மூன்றாவது, எதிரணி பலவீனம் என்ற மறுப்பு. 1976-இல் வந்த மேற்கிந்தியப் பெண்கள் அந்த ஆண்டு மே மாதத்தில்தான் ஆஸ்திரேலியாவுடன் தங்கள் முதல் டெஸ்ட்டை ஆடியிருந்தார்கள். புதிய அணியைப் புதிய அணி வென்றதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயம்தான், பாட்னா வெற்றியை அளவுக்கு மீறி ஊதிக்காட்ட நானும் தயாரில்லை. ஆனால் சதம் அடிக்கப்பட்டது பாட்னாவில் அல்லவே. நியூசிலாந்துப் பெண்கள் 1935 முதல் டெஸ்ட் ஆடிவருபவர்கள். சாந்தா பிறப்பதற்கு 19 ஆண்டு முன்பிருந்தே. அவர்கள் மண்ணில், இந்தியா தன் முதல் வெளிநாட்டு டெஸ்ட்டை ஆடும்போது, கேப்டன் பொறுப்போடு வந்த சதம் அது. ஒன்பது சமன்களையும் இங்கேயே விளக்கிவிடலாம். மேற்கிந்தியத் தொடரின் டெஸ்ட்டுகள் மூன்று நாள் ஆட்டங்கள். மூன்று நாளில் நான்கு இன்னிங்ஸை முடிக்க எந்த அணிக்கும் அபாரமான பந்துவீச்சு வேண்டும், அல்லது எதிரணி பெருந்தன்மையாகச் சுருள வேண்டும். அத்தனை சமன் என்பது துணிச்சல் இல்லாத கேப்டனின் அடையாளம் என்று படிப்பவர்கள், ஐந்து நாள் ஆட்டத்தின் அளவுகோலை மூன்று நாள் ஆட்டத்துக்கு நீட்டிப் பிடிக்கிறார்கள்.

கடைசி மறுப்பு என் வாதத்தையே என்மேல் திருப்புவது. அதிகாரபூர்வக் கணக்கை நம்பக்கூடாது என்றால், சாந்தாவை முதல் கேப்டன் என்று அழைப்பதும் அதே கணக்கை நம்பித்தானே? 1975-இல் அணியை நடத்திய மூவரில் முதலாமவரை அல்லவா அப்படி அழைக்க வேண்டும்? இதற்கு நேரான விடை: ஆமாம், அந்தப் பட்டமும் ஒரு நிர்வாக முடிவின் பிள்ளைதான். எதிரே நின்றவர்கள் 25 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதால் அந்த ஆட்டங்கள் கணக்கில் சேரவில்லை. விதி என்ற முறையில் சரி. ஆனால் பந்தை எதிர்கொண்ட உஜ்வலா நிகமுக்கும் சுதா ஷாவுக்கும் ஸ்ரீரூபா போஸுக்கும் ஆஸ்திரேலியா ஆஸ்திரேலியாதான். 'முதல்' என்ற சொல்லை நான் துறந்துவிடச் சொல்லவில்லை. தொடர் எழுதுபவனுக்கு அது இல்லாமல் பிழைப்பு ஓடாது. யாருடைய ஏட்டின்படி முதல் என்று கூடவே சொல்லிவிட்டால் போதும். அதிகாரபூர்வ ஏட்டின்படி சாந்தா முதல்வர். அந்த ஏடு திறப்பதற்கு ஓராண்டு முன்பே வெளிநாட்டு அணிக்கு எதிராக நாணயம் சுண்டியவர்கள் இருந்தார்கள்.

இப்போது கின்ராராவுக்கு வரலாம். 2018 ஜூன் 3 அன்று, மகளிர் ஆசியக் கோப்பையில், மலேசியப் பெண்கள் இந்தியாவை எதிர்த்து ஆடினார்கள். சர்வதேச இருபது ஓவர் ஆட்டம் என்ற அதிகாரபூர்வத் தகுதியோடு மலேசியப் பெண்கள் ஆடிய முதல் ஆட்டம் அது. இந்தியா மூன்று விக்கெட்டுக்கு 169. ஜோத்பூரில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் மிதாலி ராஜ் ஆட்டமிழக்காமல் 97. வினிஃப்ரட் துரைசிங்கத்தின் தலைமையில் ஆடிய மலேசியா 27 ஓட்டங்களுக்குச் சுருண்டது. நம் கோப்பிக் கடைகளில் அந்த 27 சிரிப்பாய்ச் சிரித்தது. 2025 ஜனவரியில் கிள்ளான், பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் ஓவலில், 19 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பையை நடத்திய நாடாகவே மலேசியா இந்தியாவிடம் 31-க்குச் சுருண்டபோது சிரிப்பு இன்னும் கூடியது. சிரிப்பவர்களுக்கு ஒரு தேதி சொல்ல வேண்டும்: 2007 ஜூலை. ஜொகூர் பாருவில் ஆசிய கிரிக்கெட் கவுன்சில் பெண்களுக்காக நடத்திய போட்டியில் எட்டு அணிகள் வந்தன, மலேசியாவும் உண்டு. கோப்பையை வென்றது வங்காளதேசம். அந்தப் போட்டியிலும், 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டிலும் மலேசியச் சட்டை போட்டு ஆடியவர்களுக்கு இன்றைய இருபது ஓவர் சர்வதேசப் பதிவேட்டில் அந்த ஆட்டங்களுக்காக ஒரு வரிகூட இல்லை. ஏடு 2018 ஜூன் 3-இல் தொடங்குகிறது. 1975-இன் மூன்று கேப்டன்களுக்கு நேர்ந்தது இங்கேயும் நேர்ந்திருக்கிறது, நம் வீட்டு வாசலிலேயே.

ஜொகூரில் வென்ற வங்காளதேசம் என்ன ஆனது என்று தொடர்ந்து பார்த்தால் என் வாதத்துக்கு இன்னொரு சாட்சி கிடைக்கும். 2011 நவம்பரில் அவர்களுக்கு ஒருநாள் சர்வதேசத் தகுதி கிடைத்தது. அதன்பின் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, தென்னாப்பிரிக்கா என்று ஆட்டங்கள் வந்தன. அவற்றில் நிறையத் தோற்றார்கள், சில நேரம் கேவலமாகவே. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. 2018 ஜூன் 10 அன்று, மலேசியா 27-க்குச் சுருண்ட அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில், கின்ராராவில், வங்காளதேசப் பெண்கள் கடைசிப் பந்தில் இந்தியாவை வென்று ஆசியக் கோப்பையைத் தூக்கினார்கள். ஜொகூரில் ஒரே பந்தயக் கோட்டில் நின்ற இரண்டு அணிகளுக்குப் பதினோரு ஆண்டில் இவ்வளவு தூரம். வங்காளதேசத்தின் மக்கள்தொகை, அங்கே கிரிக்கெட்டுக்கு இருக்கும் வெறி, வாரியத்தின் பணம் எல்லாம் காரணமில்லையா என்றால், காரணம்தான். அவை எல்லாம் ஆட்ட நாட்களாக மாறித்தான் பெண்கள் கைக்கு வந்து சேர்ந்தன என்பதே என் கருத்து. பணம் இருந்தும் ஆட்டம் வைக்காமல் விட்டிருந்தால் அவர்களும் 27-இலேயே நின்றிருப்பார்கள்.

சாந்தாவின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனரா வங்கியில் உயர் பொறுப்புகளில் இருந்தார். அந்தத் தலைமுறைக்குச் சோறு போட்டவை இத்தகைய வங்கிகளும் ரயில்வேயும்தான், கிரிக்கெட் அல்ல. 2017-இல் இந்திய வாரியத்தின் வாழ்நாள் சாதனையாளர் விருது அவருக்குக் கொடுக்கப்பட்டது, பெண்களில் முதல் முறையாக. 2019-இல் கபில் தேவ், அன்ஷுமன் கெய்க்வாட் ஆகியோரோடு ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரைத் தேர்வுசெய்த மூவர் குழுவில் இருந்தார். இரட்டைப் பதவி குறித்த விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்ததும் விலகினார். அடுத்த மாதமே முன்னாள் ஆட்டக்காரர்களின் பிரதிநிதியாக வாரியத்தின் உச்சக் குழுவுக்குள் நுழைந்தார். 2022 அக்டோபரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்டச் சம்பளம் என்று வாரியம் அறிவித்தது: டெஸ்ட்டுக்குப் பதினைந்து லட்சம் ரூபாய். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்ட வித்தியாசத்தில் வென்று இந்தியப் பெண்கள் முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றினார்கள். அன்றைக்கு முதல் டெஸ்ட் நடந்து சரியாக 49 ஆண்டும் இரண்டு நாளும் ஆகியிருந்தன.

1976 முதல் 1991 வரை இந்தியப் பெண்கள் ஆடிய டெஸ்ட்டுகளை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். முதல் பருவத்தில் எட்டு, 1984-இல் நான்கு, 1985-இல் மூன்று, 1986-இல் மூன்று, 1991-இல் மூன்று, ஆக 21. சாந்தா அவற்றில் 16 ஆடினார். கண்ணூரில் பிறந்து தமிழ்நாட்டுக்கு ஆடி, 1975-இல் அந்த அதிகாரபூர்வமற்ற டெஸ்ட்டுகளில் ஒன்றுக்குக் கேப்டனாகவும் இருந்த சுதா ஷா, இந்த 21-இல் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பதினைந்து ஆண்டு உடம்பைக் காப்பாற்றி, அணியில் இடத்தைக் காப்பாற்றி, ஓர் ஆட்டமும் விடாமல் ஆடி முடித்தபோது அவர் பெயருக்கு நேரே எழுதப்பட்ட எண் 21. அடுத்த பகுதி அவரைப் பற்றியது.